ஐம்பத்தெட்டு விழுக்காடு மௌனம்

ரைமோ என்சியோ கெம்ப்பைனென், 1951–2020. பின்லாந்தின் வடபகுதியில் ஊலு நகரில் வாழ்ந்தவர், தொலைத்தொடர்புப் பொறியாளர். மனைவி சிர்க்கா, மகள் ஒருத்தி. சிறிய கைபேசிகளுக்குள் குரலும் படமும் முட்டிக்கொள்ளாமல் போய்வருவதற்கான நெறிமுறைகளை வகுப்பது அவர் தொழில். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் அவர் ஒரே ஒரு பெரிய பிழைதான் செய்தார். ஆனால் அதைத் தசமப் புள்ளி வரை அளந்து, அட்டவணை போட்டு, மாநாட்டில் வாசித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்ட பிறகே அது பிழை என்று அவருக்குத் தெரிய வந்தது.

"சும்மா தப்பு பண்றவன் சாதாரண மனுஷன். தப்புக்கு வரைபடம் போடறவன் இஞ்சினியர்" என்று பிற்காலத்தில் அவரே சொல்லுவார்.

அந்தக் காலத்துக் கைபேசியில் இடம் என்பதே கிடையாது. ரைமோவின் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகம் நாற்பத்தெட்டு கிலோபைட். இன்று நண்பர் அனுப்பும் ஒரு பூனைப் படம் அதைப்போல் ஐம்பது மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரும். கைபேசி குரலையும் படத்தையும் சிறுசிறு பொட்டலங்களாக நறுக்கி, எண் போட்டு, காற்றில் எறியும். வழியில் சில தொலையும், சில தாமதமாகும், சில வரிசை மாறி வந்து சேரும். எதிர்முனைக் கைபேசி அவற்றைச் சற்றே நிறுத்திவைத்து, வரிசைப்படுத்தி, பிறகு ஒலிக்கவும் காட்டவும் வேண்டும். நிறுத்திவைக்க இடம் வேண்டும், இடமோ இல்லை. பேட்டரியோ இன்னும் மோசம். அரைமணி நேரம் தொடர்ந்து படம் அனுப்பினால் கைபேசி அடுப்புக்கல் போலச் சுட்டுவிட்டு அணைந்து போகும்.

1995 முதல் எட்டு ஆண்டுகள் ரைமோ இந்த ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டினார். அவர் கண்ட தீர்வு அழகானது. மனிதர்கள் இடைவிடாமல் பேசுவதில்லை. ஒருவர் வாய் மூடியிருக்கும்போது அனுப்புவதற்குக் குரல் பொட்டலம் ஏதும் இல்லை. அந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு, தொலைந்துபோன படத்துண்டுகளை மறுபடி அனுப்பலாம்; எதிர்முனை தன் நலம் பற்றிய அறிக்கையை அனுப்பலாம்; அலைகளை அனுப்பும் பகுதி சற்று ஓய்வெடுத்துப் பேட்டரியைக் காப்பாற்றலாம். அதோடு, இருவர் ஒரே நேரத்தில் பேசுவது என்பதே நடவாத காரியமாகையால், போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் தனித்தனி இடம் எதற்கு? ஒரே நாற்காலி போதும்; மாறி மாறி உட்கார்ந்துகொள்ளட்டும்.

மௌனம் எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. ஊகத்தை நம்பும் பழக்கம் ரைமோவுக்கு இல்லை. நிறுவனத்தில் வேலை பார்த்த நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து, தத்தம் வீட்டாரோடோ நண்பரோடோ பத்து நிமிடம் தொலைபேசியில் பேசச் சொல்லி, ஒவ்வோர் உரையாடலையும் நிறுத்துக்கடிகாரம் வைத்து அளந்தார். முடிவு: மொத்த நேரத்தில் 58.3 விழுக்காடு எவரும் பேசவில்லை. இருவரும் ஒருசேரப் பேசிய நேரம் 1.2 விழுக்காடு, அதிலும் பாதி, ஒருவர் தும்மியது. மிக நீண்ட இடைவெளி, அவரோடு பட்டாளத்தில் இருந்த நண்பரும் குழுவின் அலைவரிசை அளப்பவருமான ஒஸ்மோ தன் அண்ணனோடு பேசியபோது நேர்ந்தது: பத்தொன்பது நொடி. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ரைமோ கருவியைத் தட்டிப் பார்த்தார். அறுபடவில்லை. சகோதரர்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

சராசரி மட்டும் போதாது, உச்சமும் வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். ஆகவே தமக்குத் தெரிந்த மிகப் பெரிய வாயாடிகளைத் தேடினார். சிர்க்காவும் கயானி என்ற ஊரில் இருந்த அவள் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை பேசுவதை, அவர்கள் சம்மதத்தோடுதான், பதிவு செய்தார். மௌனம் நாற்பத்தொரு விழுக்காடாக இறங்கியது. ரைமோ வியந்துபோய்க் குறிப்பேட்டில் 'மிகுபேச்சின் மேல் எல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்தக் குறிப்பேடு சமையலறை மேசையில் திறந்து கிடந்தது.

"இது என்ன, மேல் எல்லைன்னு எழுதி என் பேரைப் போட்டு வச்சிருக்க?" என்றாள் சிர்க்கா.

"அளவீடு."

"யாரோடது?"

ரைமோ சற்று யோசித்தார். "மனுஷங்களோடது."

"உலகத்துல இருக்கற மனுஷங்கள்லயே நானும் என் தங்கச்சியும்தான் அதிகமாப் பேசறவங்களா?"

"நான் பாத்த வரைக்கும்."

"நீ எங்க பாத்த? ஆபீஸ், வீடு, மீன் பிடிக்கிற ஏரி. அங்க மீனு கூட உன்னோட பேசறதில்ல."

ரைமோ இதையும் நேர்மையோடு பரிசீலித்தார். மாதிரி எண்ணிக்கை நாற்பது. பிழை வரம்பு இரண்டு விழுக்காடு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. குறிப்பேட்டை மூடினார்.

இரண்டாவது விதி ஒன்றும் உண்டு. அதை எழுதியபோது அது விதி என்றே அவருக்குத் தோன்றவில்லை. மூச்சு விடுவது போல் தானாக எழுதினார். 'எதிர்முனையிலிருந்து குறை ஏதும் வாராதவரை எல்லாம் நலம் எனக் கொள்க. படத்தின் தரத்தை ஒரு படி உயர்த்துக.' பரிசீலனைக் கூட்டத்தில் எண்பது விதிகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டார்கள்; இதை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்தக் கட்டடத்தில் எல்லாரும் வாழ்ந்ததே அப்படித்தான். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் பாராட்டு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்றால் சாப்பாட்டு நேரம்.

மூன்றாவதாக ஒரு நுட்பம், ரைமோவுக்குச் செல்லப் பிள்ளை. ஊலுப் பக்கத்து மக்கள் 'ஆமாம்' என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடிதான் சொல்லுவார்கள். கைபேசி அதைப் பேச்சு என்று எண்ணாமல் வெறும் மூச்சு என்று கருதித் தூக்கி எறிந்தது. சோதனையில் கேள்வி கேட்டவர்கள் பதில் வரவில்லை என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். மௌனம் மேலும் பெருகியது. அந்த ஒரு மூச்சைக் கைபேசிக்குக் கற்றுக்கொடுக்க ரைமோ ஐந்து மாதமும் இரண்டு கிலோபைட்டும் செலவிட்டார். மனித குலத்தின் மற்ற ஒலிகளுக்காக அவர் செலவிட்ட நேரம் ஏறக்குறைய மூன்று வாரம்.

2002 வசந்தத்தில் ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். மூன்றாம் அட்டவணையில் இருந்த 58.3 என்ற எண்ணைப் பார்த்ததும் அவையினர் பலர் குறித்துக்கொண்டார்கள். அவர் வாழ்க்கையில் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு நாள்தான். எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறு ஆண்டு ஒரு கைபேசி நிறுவனம், தென் ஐரோப்பாவில் விற்கப்போகும் புதிய கருவியில் இந்த நெறிமுறையை வைப்பதென்று முடிவு செய்தது. ஒரு நிபந்தனை: இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துத் தொலைபேசிச் சேவை நிறுவனம் அறுபது ஜோடிக் கைபேசிகளை வைத்துச் சோதித்து, ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். 2003 மே ஒன்பதாம் தேதி கருவியின் வடிவம் உறையும்; அதன்பின் ஒரு புள்ளியையும் மாற்ற முடியாது. கையெழுத்து வராவிட்டால் வேறு நிறுவனத்தின் ஆயத்த நெறிமுறை ஒன்று அந்த இடத்தில் உட்காரும். ஊலுவில் ஏழு பேர் குழு கலைக்கப்படும்.

குழுத் தலைவி மர்யுக்கா, ரைமோவைவிடப் பத்து வயது இளையவள், இதைக் காப்பி அறையில் ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

"மே ஒம்பதுக்குள்ள அவங்க கையெழுத்துப் போடலைன்னா, இந்த ரூம்ல வேற யாராவது காப்பி குடிப்பாங்க."

ஏழு பேரும் தத்தம் கோப்பையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், அந்த ஊர் வழக்கப்படி, சீஸ் துண்டைக் காப்பியில் போட்டுக் கலக்கினார். கூட்டம் முடிந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி ரைமோவும் ஒஸ்மோவும் நேப்பிள்ஸில் இறங்கினார்கள். சேவை நிறுவனத்தின் சார்பில் சோதனையை நடத்தியவள் அசுந்தா இயோவினே. நாற்பது வயதுப் பொறியாளர். ரைமோவை அவள் ஒருபோதும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. "இஞ்சினியரே" என்றாள், அதுவும் வாக்கியத்துக்கு இரண்டு முறை. அந்த மரியாதையே ரைமோவுக்குக் கழுத்தில் புதுச்சட்டைப் பட்டி உரசுவது போல் இருந்தது.

முதல் நாள் அறுபது ஜோடிகள் பேசத் தொடங்கினார்கள். இருபதாவது நொடியில் படங்கள் உறைந்தன. நாற்பதாவது நொடியில் குரல்கள் துண்டு துண்டாயின. ஒரு நிமிடம் முடிவதற்குள் கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பத்து நிமிடத்தைத் தாண்டி உயிரோடு இருந்தவை இரண்டே இணைப்புகள். ஒன்றில் பேசியவர்கள் அன்று காலையில்தான் சண்டை போட்டுக்கொண்ட கணவனும் மனைவியும். மற்றொன்றில் பேசியவர்கள் ரைமோவும் ஒஸ்மோவும்.

"நம்ம போன் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் ஒஸ்மோ. "அதே தெருவுல, அதே கம்பத்துக்குக் கீழ நின்னு பேசினோம். படம் கண்ணாடி மாதிரி இருந்துது. உன் மூக்குல இருக்கற மரு கூடத் தெரிஞ்சுது."

"அவங்களுக்கு ஏன் செய்யல?"

ஒஸ்மோ நன்றாக யோசித்துச் சொன்னார். "நெட்வொர்க் நெரிசல்."

"நாம பேசறப்ப ஏன் நெரிசல் இல்ல?"

இதற்கு ஒஸ்மோவிடம் பதில் இல்லை. பதில் இல்லாததை ரைமோ சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த மூன்று நாட்கள் இருவரும் அலைவலிமை அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த நகரத்தின் சந்துபொந்தெல்லாம் ஏறி இறங்கினார்கள். நூற்றுப்பன்னிரண்டு இடங்களில் காற்றை அளந்தார்கள். காற்றில் ஒரு குறையும் இல்லை. ரைமோவின் வாழ்நாளில் அவர் எடுத்த அளவீடுகளிலேயே மிகத் துல்லியமானவை அவைதான். ஒன்றுக்கும் உதவாதவையும் அவைதான். ஆனாலும் அறிக்கையின் வரைவில் 'நெரிசல் இருக்கக்கூடும்' என்று எழுதிவைத்தார்.

சனிக்கிழமை காலை அசுந்தா நெறிமுறை ஆவணத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இஞ்சினியரே, ஒரு சந்தேகம். உங்க போன் தன்னோட அறிக்கையை எப்ப அனுப்பும்?"

"பேச்சு நிக்கறப்ப."

"யாரோட பேச்சு?"

"ரெண்டு பேரோடதும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கும்" என்றார் ரைமோ.

"இஞ்சினியரே, எங்க அக்காவுக்கு நாப்பத்தாறு வயசு. இன்னும் நிக்கல."

ரைமோ பணிவாகச் சிரித்தார். அதை நகைச்சுவை என்று நினைத்தார். அசுந்தா அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வாங்க. உங்க நண்பரையும் கூட்டிட்டு வாங்க. அந்த நிறுத்துக்கடிகாரத்தையும் எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். ரைமோ நிறுத்துக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, மேசை விரிப்பின் மறைவில் அழுத்திக்கொண்டிருந்தார். முதல் கால்மணியில் எவரும் பேசாதிருந்த நேரம் நான்கு விழுக்காடு. இருவரோ அதற்கு மேற்பட்டவரோ ஒருசேரப் பேசிய நேரம் முப்பத்தேழு. கருவி பழுதோ என்று அதைக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இதற்கிடையே அக்கா அவர் தட்டில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய பாஸ்தாவைக் குவித்தாள். மிக நன்றாக இருந்தது. நல்ல சாப்பாட்டுக்குத் தாம் அறிந்த உயர்ந்த மரியாதையை ரைமோ செலுத்தினார்: வாய் பேசாமல் சாப்பிட்டார்.

"இவருக்குப் பிடிக்கலையா? ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரே" என்றாள் அக்கா.

"பிடிச்சிருக்கு அக்கா, அவங்க ஊர்ல அப்படித்தான்" என்றாள் அசுந்தா.

"பசியாயிருக்கும், இன்னும் போடு" என்றார் அக்காவின் கணவர்.

"போன வாரம் வந்த ஜெர்மன்காரனும் இப்படித்தான் உக்காந்திருந்தான், அப்புறம் பாத்தா வயித்து வலி" என்றார் வேறொருவர்.

போதும் என்று சொல்ல ரைமோ விரும்பினார். சொல்வதற்கு ஓர் இடைவெளி வேண்டும் அல்லவா? காத்திருந்தார். ஒருவர் பேசி முடித்து மூச்செடுக்கும் கணத்தில் நுழையலாம் என்று வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் ஏற்கெனவே இருவர் நுழைந்திருந்தார்கள். மறுபடி காத்திருந்தார். அவரிடமிருந்து குறை ஏதும் வராததால், எல்லாம் நலம் எனக் கொண்டு, அக்கா மேலும் ஒரு கரண்டி போட்டாள். மூன்றாவது கரண்டியில் குழம்பு தட்டின் விளிம்பைத் தாண்டி விரிப்பில் வழிந்தது.

முள்கரண்டி அந்தரத்தில் நிற்க, ரைமோ அந்தச் சிவப்புக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு ஆண்டுகள் உழைத்துத் தாம் எழுதியது மற்றவர் கைபேசிக்கான நெறிமுறை அல்ல, தம்முடைய குணச்சான்று என்பது அவருக்கு அப்போது புரிந்தது. அறுபது ஜோடிக் கைபேசிகளும் செய்தது இதைத்தான். பேச்சு நிற்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நாகரிகமாகக் காத்திருந்தன. மூழ்கிக்கொண்டிருப்பவன் கத்தவில்லையே என்று கரையில் நிற்பவன் இன்னும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவது போல, எதிர்முனை படத்தின் தரத்தை உயர்த்திக்கொண்டே போனது. ஒரே நாற்காலியில் இரண்டு குரல்களும் ஏறி உட்கார்ந்து ஒன்றையொன்று தள்ளிவிட்டன. காற்றின் மீது பழி போட்டுக்கொண்டு அவர் மூன்று நாள் மலையேறியிருக்கிறார்.

திரும்பும் வழியில் ஒஸ்மோவிடம் சொன்னார். ஒஸ்மோ நடப்பதை நிறுத்தினார்.

"இன்னிக்கு மே நாலு. ஒம்பதாம் தேதி உறையப்போகுது. இப்பப் போய் இதைச் சொல்லப் போறியாடா?"

"சொல்லாம?"

"நெரிசல்னுதான் எழுதியிருக்க. அப்படியே விடு. தப்பு தங்க பக்கம்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. அவங்க நெட்வொர்க்கைச் சோதிச்சுப் பாத்து இல்லைன்னு சொல்றதுக்குள்ள ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள உறைஞ்சிடும். அப்புறம் மெல்ல அடுத்த போன்ல சரி பண்ணிக்கலாம்."

"பழி அந்தப் பொண்ணு மேல விழும். நெட்வொர்க் அவங்க பொறுப்பு."

"சரி பண்ணப் போனா என்ன ஆகும்?"

"ரெண்டு குரலுக்கும் தனித்தனி இடம் வேணும். அந்த இடத்தைப் படத்துக்கிட்டருந்துதான் எடுக்கணும். நொடிக்குப் பதினஞ்சு படம் இருக்கறது அஞ்சாகும்."

"எட்டு வருஷம் அந்தப் பதினஞ்சுக்காகத்தானே உழைச்ச?"

ரைமோ மூச்சை உள்ளிழுத்தார். ஆமாம் என்று பொருள்.

திங்கட்கிழமை காலையில் மர்யுக்காவை அழைத்தார்.

"தப்பு நெட்வொர்க்ல இல்ல" என்றார்.

எதிர்முனையில் ஆறு நொடி. பழக்கதோஷத்தால் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "எங்க?"

"என் அளவீட்டுல. நான் நம்ம ஆளுங்களை மட்டுந்தான் அளந்தேன். மூணாவது அட்டவணை மனுஷங்களோடது இல்ல, நம்ம காப்பி ரூமோடது."

பதினொரு நொடி. அந்தப் பதினொரு நொடியில் ஏழு பேரின் வேலையும் வீட்டுக் கடனும் அவர் கண்முன் வந்து போயின.

"நாலு நாள்ல மாத்த முடியுமா?"

"முடியலாம். ஆனா படம் திக்கித் திக்கி வரும். அதைப் பாத்துட்டு அவங்க வேண்டாம்னு சொல்லிடலாம். நெரிசல்னே விட்டுட்டா கையெழுத்து வர வாய்ப்பு அதிகம். அதையும் உங்கிட்ட சொல்லிடணும்."

"ஏன் சொல்ற?"

"நீ முடிவு பண்ணணும்ல."

"நீ என்ன முடிவு பண்ணியிருக்க?"

ரைமோவுக்கு இம்முறை அதிக நேரம் தேவைப்படவில்லை. "வரைவைக் கிழிச்சுட்டேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற? போய் வேலையைப் பாரு" என்றாள் மர்யுக்கா. அவள் குரலில் கோபம் இருந்ததா என்பதை ரைமோவால் கடைசிவரை நிர்ணயிக்க முடியவில்லை.

சேவை நிறுவனத்தின் ஓர் ஓரத்து அறையில் ரைமோவும் ஒஸ்மோவும் உட்கார்ந்தார்கள். விதிகள் தலைகீழாயின. கைபேசி மௌனத்துக்காகக் காத்திராமல், நொடிக்கு ஒருமுறை, குரல் பொட்டலத்தின் முதுகிலேயே ஏறிக்கொண்டு தன் அறிக்கையை அனுப்பவேண்டும். அறிக்கை வரவில்லையா, எதிர்முனை இக்கட்டில் இருக்கிறது என்று கொண்டு படத்தைக் குறைக்கவேண்டும். இரண்டு குரல்களுக்கும் இரண்டு நாற்காலி. படத்தின் இடத்தை ரைமோ தம் கையாலேயே வெட்டினார். வெட்ட வெட்ட, அந்தப் பகுதிகளை எழுதிய ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. 1998 போயிற்று. 1999 போயிற்று. செவ்வாய்க்கிழமை முடிவில் இன்னும் இரண்டு கிலோபைட் குறைந்தது.

"உள்மூச்சு ஆமாமைத் தூக்கிடு" என்றார் ஒஸ்மோ.

"அது ரெண்டே கிலோபைட்தான்."

"குறையறதும் ரெண்டே கிலோபைட்தான்."

"ஊலுல யாராவது இந்த போன்ல ஆமாம்னு சொன்னா கேக்காது."

"ஊலுல யாருடா ஆமாம்னு சொல்றாங்க?"

ரைமோ அதையும் நீக்கினார். தம் ஊர்க்காரர் வேலையைக் காப்பாற்றப்போகும் கருவி, தம் ஊர்க்காரர் சம்மதத்தைக் காதில் வாங்காது என்பதை நினைத்துச் சிரித்தார். அந்த நான்கு நாள் வேலையில் அவர் சிரித்தது அப்போதுதான் என்று ஒஸ்மோ பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

மே எட்டாம் தேதி மறுசோதனை. அறுபது ஜோடிகள் பேசத் தொடங்கினார்கள். இருபது நொடி கடந்தது, நாற்பது கடந்தது, ஒரு நிமிடம் கடந்தது. பத்து நிமிட முடிவில் ஐம்பத்துநான்கு இணைப்புகள் உயிரோடு இருந்தன. அவற்றில் ஒன்றில்கூட மௌனம் இருக்கவில்லை. ரைமோ படங்களைப் பார்க்கும் துணிவில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அசுந்தா தாள்களோடு வந்தாள்.

"குரல் சுத்தமா இருக்கு இஞ்சினியரே. அக்கா மூணு பேரைக் கூப்பிட்டு முடிச்சுட்டா."

"படம்?" என்றார் ரைமோ. "படம் ரொம்ப மோசமா இருந்துதா?"

"எந்தப் படம்?"

ரைமோ திரும்பி, முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களைச் சன்னல் வழியே பார்த்தார். அத்தனை பேரும் கைபேசியைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு, மற்றொரு கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எட்டு ஆண்டுகளாக அவர் செதுக்கிய படத்தை அறுபது ஜோடிக் காது மடல்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

அசுந்தா சன்னல் விளிம்பில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பழைய வரைவில் என்ன இருந்தது என்று ரைமோ அவளிடம் சொன்னார். அதற்கு முன் நான்கு நாட்கள் அதைச் சொல்ல இடைவெளி தேடிக்கொண்டிருந்தார். இம்முறை தேடாமல், அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே பேசினார்.

அசுந்தா பேனாவை மூடினாள். "எனக்குத் தெரியும் இஞ்சினியரே. உங்க மேசையிலேயேதான் கிடந்துது. ஞாயித்துக்கிழமை உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டது பின்ன எதுக்கு?"

இறுதி அறிக்கையில் ரைமோ சேர்த்த ஒரு வாக்கியம் ஊலுவில் இன்றும் சிலருக்கு மனப்பாடம்: 'அடிப்படை அளவீடு, பேசாதவர்களை வைத்து, பேசாத ஒருவரால் எடுக்கப்பட்டது.' வாக்கியத்தை நீக்கிவிடலாமே என்று மர்யுக்கா கேட்டாள். அவர் நீக்கவில்லை. குழு கலையவில்லை. கைபேசி ஒன்றரை ஆண்டு விற்பனையில் இருந்தது. அதன்பின் வந்த கருவிகளில் நினைவகம் நூறு மடங்கு பெருகியதால், இடத்தைச் சிக்கனப்படுத்தும் எவருடைய நெறிமுறையும் எவருக்கும் தேவைப்படவில்லை. ரைமோ 2014இல் ஓய்வு பெற்றார்.

கைபேசி மறைந்தது, எண் மறையவில்லை. மாநாட்டில் குறித்துக்கொண்டு போனவர்கள் அதைத் தத்தம் கட்டுரைகளில் எடுத்தாண்டார்கள். அந்தக் கட்டுரைகளிலிருந்து வேறு சிலர் எடுத்தார்கள். 'மனித உரையாடலில் மௌனம் 58.3 விழுக்காடு' என்று ஒருவர் எழுதியிருந்ததை 2004இல் ரைமோ முதன்முறையாகப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

கடிதம் எப்போதும் ஒன்றே. 'மதிப்பிற்குரியீர், எனது 2002ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் உள்ள எண், ஊலு நகரில் ஓர் அலுவலகத்தின் காப்பி அறைக்கு மட்டுமே பொருந்தும். மனித குலத்துக்குப் பயன்படுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். பிழை என்னுடையது.'

"ஊர் உலகத்துல தன் தப்பைத் தானே தபால் தலை ஒட்டி அனுப்பற ஆள் நீ ஒருத்தன்தான்" என்றாள் சிர்க்கா.

"சிலர் பதில் போடறதில்ல."

"நல்லதாப் போச்சு. ஒத்துக்கிட்டாங்கன்னு வச்சுக்க."

"அப்படி வச்சுக்கக் கூடாது" என்றார் ரைமோ.

பதில் வராவிட்டால் சரியாக முப்பதாம் நாள் நினைவூட்டல் எழுதுவார். அதற்கும் வராவிட்டால் மறுபடி முப்பது நாள். பதினைந்து ஆண்டுகளில் இருபத்துமூன்று பேருக்கு எழுதினார். பத்தொன்பது பேர் திருத்திக்கொண்டார்கள். ஒருவர், தமது மாணவர்களிடம் அளந்தபோது மௌனம் ஆறு விழுக்காடுதான் வந்தது என்றும், அந்த எண்ணை நம்பி இரண்டு ஆண்டு பாழாயின என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை ரைமோ தனிக் கோப்பில் வைத்திருந்தார்.

கடைசியாக அகப்பட்டவர் பிரேசிலில் ஒரு பேராசிரியர். அவருக்கு ரைமோ என்சியோ கெம்ப்பைனென் மூன்றாவதும் கடைசியுமான நினைவூட்டலை எழுதி, தபால்பெட்டியில் தம் கையால் போட்டது 2019 நவம்பர் 6, புதன்கிழமை.